பெயிலிஃபுக்குத் தேத்தண்ணி

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
12.10.2003

அன்புள்ள தம்பி பிரதாபனுக்கு அக்கா யோகமலர் எழுதுவது,

எல்லாரும் நல்ல சுகம் என்றுதான் தொடங்க வந்தேன். அப்படி எழுதிவிட்டால் மிச்சக் கடிதம் எழுதத் தேவையில்லை. ஒருவரும் வருத்தமாய்ப் படுக்கவில்லை, அதுவரைக்கும் கடவுளுக்கு நன்றி. நீயும் தயாளினியும் புது வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்? கனடாக் குளிர் அவளுக்குப் பழக்கம், உனக்கு இது முதல் வருடம். லண்டனிலேயே மே மாதம் வரைக்கும் சுவெட்டரைக் கழற்றாதவன் நீ. பெண்சாதி சொல்வதைக் கேட்டுக் காதை மூடிக்கொண்டு திரி.

இதை ஆஸ்பத்திரிக் கன்ரீனில் இருந்து எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை வார்டுகளுக்கு அனுப்பிவிட்டால் கிச்சன் ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் ஆறுதல். ஏன் அக்கா, போன் எடுக்கலாம்தானே என்று கேட்பாய். எடுக்கலாம், ஆனால் வீட்டில் போன் ஹோலில் இருக்கிறது, ஹோலில் அத்தான் இருக்கிறார். இந்த விசயம் உன் காதுக்குப் போகக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். ஆகையால் நீயும் வீட்டுக்குப் பதில் போடாதே. பக்கத்து வீட்டு ராஜியின் நம்பரைத் தனித் துண்டில் எழுதிக் கடிதத்தோடு வைக்கிறேன். சென்னைப் பிள்ளை, சேகரின் மனைவி, உனக்கு நினைவிருக்கும். நீ போகமுன் புளியோதரை கட்டித் தந்தாளே, அவள்தான்.

கௌசி லெஸ்ரருக்குப் படிக்கப் போய்விட்டாள். பெற்ற பிள்ளை இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அம்மாவோடு போன கிழமை கதைத்தேன். சண்டை நின்று பாதை திறந்தபடியால் ஊருக்கு எல்லாரும் வந்து போகினம், நீங்கள் ஒருத்தரும் வாறியள் இல்லை என்று குறைப்பட்டா. வாற ஈஸ்டருக்குக் கட்டாயம் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். பாமாவின் சீட்டில் அதற்காகத்தான் சேர்த்து வருகிறேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு நாள் எனக்குக் காலை ஷிப்ட். அத்தானுக்கு பெற்றோல் ஸ்டேஷனில் அன்றைக்குப் பின்னேர வேலை, ஆகவே அவர் வீட்டில் தனிய. நல்ல மழை. பெல் அடித்திருக்கிறது. திறந்தால் கறுத்தக் கோட்டுப் போட்ட ஒரு பெரிய வெள்ளைக்காரன், கழுத்தில் மட்டை தொங்க, கையில் கடதாசிகளோடு நனைந்துகொண்டு நின்றானாம். கவுன்சில் என்று ஏதோ சொல்லியிருக்கிறான். அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும். ஜெர்மனியில் பத்து வருடம் இருந்த மனிசன். அங்கே அலுவலகத்து ஆட்கள் அகதி முகாமுக்கு வந்து கட்டிலை எண்ணி, பாத்திரத்தைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அட்டை போட்ட ஒருவன் வந்தால் கதவை அகலத் திறக்கவேண்டும் என்று அப்போதே பழகிவிட்டார். அதோடு மழையில் நிற்கிறவனை வாசலில் வைத்துக் கதைப்பது எங்கள் வீட்டுப் பழக்கமும் இல்லை. வாங்கோ வாங்கோ என்று உள்ளே கூட்டிவந்து, கோட்டை வாங்கி ரேடியேட்டரில் காயப்போட்டு, சோபாவில் இருத்தி, தானே போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு நாள் போட்டுத் தந்தது கிடையாது. முதல் நாள் பொரித்த ரோல்ஸில் மிச்சம் இருந்ததையும் சூடாக்கிக் கொடுத்தாராம்.

அவன் ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். ரீவி புதுசோ என்று கேட்டானாம். ஓம், போன தீபாவளிக்கு வாங்கினது, பெரிய சைஸ், சத்தமும் நல்லாய் இருக்கும் என்று இவர் போட்டும் காட்டியிருக்கிறார். சோபா தோலோ என்று கேட்டானாம். முழுத் தோல், இத்தாலிச் சாமான் என்று சொன்னாராம். அது இத்தாலியுமில்லை, முழுத் தோலுமில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். வெளியில் நிற்கிற கார் யாருடையது என்றதற்கும் என்னுடையது என்று பெருமையாய்ச் சொல்லியிருக்கிறார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பேனையை எடுத்து இவ்வளவையும் எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னான். இவர் போட்டார். நான் வேலையால் வந்தபின்தான் கடதாசியை எனக்குக் காட்டினார். நான் ராஜியிடம் ஓடினேன்.

அவன் பெயிலிஃப். கடன்காரருக்காக வீட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போக வருகிற ஆள். ராஜி தலையில் கையை வைத்துக்கொண்டாள். யோகாக்கா, அவனை உள்ள கூப்பிட்டது யாரு, மொதல் தடவை நாமளா உள்ள விடலைன்னா அவனால கதவைத் தொடக்கூட முடியாது என்றாள். ஒருமுறை உள்ளே விட்டு, அந்தப் பட்டியலில் கையெழுத்தும் வைத்துவிட்டால் சாமான் பெயருக்குத்தான் எங்கள் வீட்டில் இருக்குமாம். காசு கட்டாவிட்டால் இனிக் கதவை உடைத்தும் வந்து எடுக்கலாமாம். இந்த ஊரில் இப்படி ஒரு சட்டம் இருப்பது எங்களில் யாருக்குத் தெரியும்? பெயிலிஃபுக்குத் தேத்தண்ணி கொடுத்த முதல் வீடு எங்களுடையதாய்த்தான் இருக்கும் என்று அன்றைக்கு நானும் ராஜியும் சிரித்தோம். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

கடன் என்னவென்றால், மரக்கறி ஏற்றுகிற உன் வானுக்குத் தண்டமாய் விழுந்த பார்க்கிங் ரிக்கற்றுகள். கட்டாமல் விட்டதால் ஒவ்வொன்றும் ஏறி ஏறி, வழக்காகிக் கோட்டுக்குப் போய், அங்கிருந்து பெயிலிஃபுக்கு வந்திருக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு பட்டியலே இருக்கிறது. அவன் தந்த தாளில் மேலே பார்க்கிங் என்ற சொல்லும் உன் வான் நம்பரும், கீழே வெறும் நம்பர்களும் காசும்தான், எங்கே எப்போது என்று ஒன்றும் இல்லை. லைசென்ஸ் புதுசு, இன்சூரன்ஸ் கூடக் கேட்கிறாங்கள் அத்தான் என்று நீ சொன்னபோது, என்ர பேரிலை போடு என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. வான் நிற்பது ஹவுன்ஸ்லோவில் என்றபடியால் விலாசம் மட்டும் உன் அறை விலாசம். ஆகவே கடிதமெல்லாம் அத்தானின் பெயருக்கு ஹவுன்ஸ்லோவுக்குத்தான் வந்திருக்கவேண்டும். வானை நீ ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அவர்கள் தேடித் தேடி அத்தானை இங்கே பிடித்திருக்கிறார்கள்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சவுத்தாலில் மரக்கறியை ஏற்றிக்கொண்டு கடை கடையாய் இறக்கிற வேலையில் வானை எங்கே நிற்பாட்டுவது? ஒரு கடைக்கு முன்னாலும் இடம் இருக்காது. பெட்டியை இறக்க முன்னம் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற முதலாளிமாரை எனக்கும் தெரியும். அந்த வீட்டில் எத்தனை பெடியள் இருந்தீர்கள், கடிதம் யார் கையில் போனதோ, குப்பையில்தான் போனதோ. நான் கேட்பது ஒன்றுதான். அப்படி ஏதாவது கடிதம் உன் கண்ணில் பட்டதா? பட்டிருந்தாலும் படாவிட்டாலும் ராஜிக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லு. என்ன செய்யலாம் என்று பார்க்க அது தெரியவேண்டும் என்கிறாள்.

தயாளினிக்கு என் அன்பைச் சொல்லு. பிட்டுக் குழலை அவளுக்கென்று பெட்டியில் வைத்துவிட்டேனே, எடுத்தாளா?

அன்புடன்,
அக்கா யோகமலர்


கோலியர்ஸ் வுட்
30.11.2003

அன்பின் பிரதாபன்,

கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். என் கடிதம் கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும் தயார்தான், தபால்காரரை நம்ப முடியாத காலம். ராஜியை ஒவ்வொரு நாளும் போன் வந்ததா என்று கேட்கக் கூச்சமாய் இருக்கிறது. இப்போது அவளே என்னைக் கண்டதும் இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறாள்.

இங்கே நிலைமை வடிவாய் இல்லை. பெயிலிஃப் பிறகும் வந்தான். வந்தால் பெல் அடிக்கிறான், திறக்காவிட்டால் மட்டை ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறான், போனபின் வந்ததற்கும் எங்கள் தலையில் கூலி போடுகிறான். காரும் பட்டியலில் இருக்கிறபடியால் அத்தான் அதை வீட்டுக்கு முன்னால் விடுவதில்லை. நாலைந்து தெரு தள்ளி ஒளித்து விட்டுவிட்டு, விடியற்காலை ஷிப்டுக்குக் குளிரில் நடந்துபோய் எடுக்கிறார். முன் ஜன்னல் திரைகளை நாள் முழுக்க இழுத்து மூடியிருக்கிறார். பகலிலும் லைற் போட்டுத்தான் சமைக்கிறேன், அதையும் அணை, வெளியிலை தெரியும் என்கிறார்.

பெல் சத்தம் கேட்டால் மனிசன் மாடிப்படியில் போய்க் குந்திவிடுகிறார். ஜன்னலால் பார்த்தால் தெரியாத இடம் அதுதானாம். போன சனிக்கிழமை பாமா சீட்டுக் காசு வாங்க வந்திருக்கிறாள். நான் வீட்டில் இல்லை. பெல் அடித்து, தட்டி, கடைசியில் கடிதம் போடுகிற துவாரத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்து, அண்ணை, உங்கட கால் தெரியுது என்று கூப்பிட்டாளாம். அத்தான் காலை மேலே இழுத்துக்கொண்டார். கதவைத் திறக்கவில்லை. பாமா கோயிலில் என்னைக் கண்டு, அண்ணைக்கு என்ன பிடிச்சிருக்கு என்று பெரிய பகிடியாய்ச் சொன்னாள். காய்ச்சல் என்று சமாளித்தேன். தீர்த்தம் வாங்கிய கையோடு பொய் சொன்னேன்.

எனக்கு மனம் விட்டுப்போன இடம் அதுதான் தம்பி. சாமான் போனால் போகட்டும். இந்த மனிசன் வாசலில் யாரையாவது நிற்க விட்டதுண்டா? பிரான்சிலிருந்து ஒரு பொலித்தீன் பையோடு நீ வந்து நின்றபோது, ஆர் எவர் என்று என்னைக் கேட்காமலே குளிக்கத் துவாய் எடுத்துத் தந்தவர். என் தம்பி என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது எலி மாதிரி இருட்டுக்குள் இருக்கிறார். நான்தானே உள்ளை விட்டனான், நான்தானே உள்ளை விட்டனான் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். எரிச்சலில் நானும் ஒரு நாள், ஓம், நீங்கள்தான், ரோல்ஸும் குடுத்து என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இனிக் கேள். ராஜி ஒரு வழி கண்டுபிடித்தாள். கடிதங்கள் வேறு விலாசத்துக்குப் போனதால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று கோட்டில் போய்ச் சத்தியம் செய்து ஒரு படிவம் கொடுத்தால், எல்லாவற்றையும் நிற்பாட்டிப் பழையபடி முதலிலிருந்து தொடங்குவார்களாம். பெயிலிஃபின் கூலி எல்லாம் போய்விடும், வெறும் ரிக்கற் காசு மட்டும் வரும், அதையும் தவணையில் கட்டலாம். உண்மையும் அதுதானே, அவருக்கு ஒரு கடிதமும் கிடைக்கவில்லையே. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராஜியே எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தான் கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அங்கே கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. படிவத்தைப் பார்த்துவிட்டு, ஏன் உங்களுக்குக் கடிதம் கிடைக்கவில்லை, அந்த விலாசத்தில் யார் இருந்தது, வானை ஓட்டியது யார், அதையும் எழுதுங்கள் என்றாள். ராஜி பேனையை நீட்டினாள். அத்தான் வாங்கவில்லை. பெயர் எழுதவேணுமோ என்று கேட்டார். எழுதினா நல்லது அண்ணா என்றாள் ராஜி.  அத்தான் அந்தத் தாளை எடுத்து நாலாய் மடித்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, என்ர வான், என்ர பிழை, நான் கட்டுறன் என்று அந்தப் பெண்ணிடம் இங்கிலீசில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

உன் கனடாக் கேஸ்தான் காரணம். உன் நிரந்தர விசா இன்னும் கையில் வரவில்லை, லண்டன் கோட்டுக் கடதாசி ஒன்றில் உன் பெயர் ஏறினால் அதை அவர்கள் பிடித்துவிடுவார்கள், பெடியனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். பஸ் தரிப்பில் நின்று ராஜி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அண்ணா, இது பார்க்கிங் விசயம், கிரிமினல் இல்ல, கனடாக்காரன் இதையெல்லாம் பார்க்கவே மாட்டான் என்றாள். அவர் கோபப்படவில்லை. நீங்கள் விசாவோடை வந்த ஆக்கள் பிள்ளை, ஒரு கடதாசி என்ன செய்யும் எண்டு உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னார்.  ஜெர்மனியில் அவருடைய கேஸ் ஒரு திகதி பிழையானதால் எத்தனை வருடம் இழுபட்டது என்று ராஜிக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், அதனால் அவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். அவர் பயப்பட்டது பிழையாய் இருக்கலாம். ராஜி சொல்வதுதான் சரியாய் இருக்கும். ஆனால் பயம் உனக்காக.

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சொன்னார், பிரதாபனுக்கு இது தெரியக்கூடாது, அறிஞ்சால் துடிச்சுப்போவான், இருக்கிற வேலையையும் விட்டிட்டு வந்து நிப்பான் என்று.

ஆகவே நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். நாளைக்குப் பாமாவிடம் சீட்டை எடுக்கப்போகிறேன். அவசரத்துக்கு எடுத்தால் கழிவு கூடப் போகும், அது உனக்கும் தெரியும். போகட்டும். பெயிலிஃபின் காசை ஒரேயடியாய்க் கட்டிவிட்டால் கதவைத் திறந்து வைத்திருக்கலாம். அம்மாவிடம் ஈஸ்டருக்கு வர முடியாது என்று இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ கதைத்தால் நீயும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு போன் எடு தம்பி. காசுக்காகக் கேட்கவில்லை.

அக்கா


கோலியர்ஸ் வுட்
15.02.2004

தம்பி பிரதாபனுக்கு,

உனக்கும் தயாளினிக்கும் குறை ஒன்றும் வராமல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருக்கிற பிலிப்பைன்ஸ்காரி காதல் கடிதமோ என்று கேட்கிறாள். எனக்குக் களைப்பாய் இருக்கிறது, ஆகையால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

கிறிஸ்மஸ் கிழமை ராஜியின் வீட்டுக்குப் போன் எடுத்தாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது. கடிதம் ரெண்டும் ஒண்டாய்த்தான் கிடைச்சது அக்கா, எனக்கு ஒண்டும் தெரியாது, ஒரு கடிதமும் காணேல்லை என்று அழுதாய். நானும் அழுதேன். எல்லாம் கட்டி முடிந்துவிட்டது, அழாதே என்றேன். எவ்வளவு கட்டினது என்று கேட்டாய், சொன்னேன். அந்த பஸ் லேன் ரிக்கற்றுகளும் சேர்த்தோ என்று கேட்டாய். ஓம், எல்லாம் சேர்த்துத்தான் என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் படவில்லை. ராஜியின் போன், அவள் வீட்டில் விருந்தாட்கள், கெதியாய் வைக்கவேண்டும் என்ற அவசரம்.

ஜனவரியில் நீ அங்கே உண்டியல்காரரிடம் கட்டி அனுப்பின காசு வந்து சேர்ந்தது. அவர்களுடைய ரூட்டிங் கடைக்காரர் கூப்பிட்டுத் தந்தார். அதே கிழமைதான் ராஜிக்கும் ரிக்கற் போட்ட கவுன்சிலில் இருந்து பதில் வந்தது. பெயிலிஃப் கூடுதலாய்க் காசு எடுத்துவிட்டானோ என்று பார்க்க, எந்தெந்த ரிக்கற் எங்கே விழுந்தது என்று அவள் எழுதிக் கேட்டிருந்தாள். வாசித்துவிட்டு, யோகாக்கா, பாதிக்கு மேல பார்க்கிங்கே இல்ல, பஸ்ஸுக்குன்னு விட்ட பஸ் லேன்ல போனதுக்கு கேமராவுல புடிச்சிருக்காங்க என்றாள்.

நான் அப்போது அவளுக்கு ரொட்டி தட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு இருந்துவிட்டேன். பஸ் லேன் என்ற சொல்லை அதுவரைக்கும் நானும் சொன்னதில்லை, அத்தானும் சொன்னதில்லை, பெயிலிஃபின் தாளிலும் இருந்ததில்லை. என் இரண்டு கடிதத்தையும் எடுத்துப் பார், பார்க்கிங் என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். கமராவில் பிடித்த ரிக்கற்றை வான் கண்ணாடியில் ஒட்டுவதில்லையாம், தபாலில் மட்டும்தான் வருமாம், ராஜி சொன்னாள். அப்படியென்றால் நீ அவற்றை ஹவுன்ஸ்லோவில் உடைத்து வாசித்திருக்கிறாய். அத்தானின் பெயர் எழுதின கடிதங்களை.

தம்பி, எனக்குக் கோபம் இருக்கிறது. நான் அதை மறைக்கப்போவதில்லை. நீ பயந்திருப்பாய், கையில் காசு இருந்திருக்காது, கனடாவுக்குப் போய் உழைத்து அனுப்பலாம் என்று நினைத்திருப்பாய், பிறகு நாள் போகப் போகச் சொல்ல வாய் வந்திருக்காது. இதெல்லாம் உனக்காக நானே எழுதிக்கொள்கிறேன், நீ சொன்னதில்லை. கடிதம் கண்டனான் அக்கா, பயத்திலை வைச்சிட்டன் என்று அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். நீ அழுதாய். அந்த அழுகையை இப்போது நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

காசை நான் திருப்பி அனுப்பவில்லை. அவ்வளவு ரோசம் வைத்திருக்க எனக்கு வசதி இல்லை. அத்தானிடம் ஆஸ்பத்திரியில் பழைய ஓவர்ரைம் பாக்கி தந்தார்கள் என்று சொல்லி, ஊருக்குப் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டேன். ஏப்ரலில் அம்மாவைப் பார்ப்பேன். உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லாய் இருக்கிறான் என்று சொல்வேன்.

இனி அத்தானைப் பற்றி. பெயிலிஃப் இப்போது வருவதில்லை. வர ஒரு காரணமும் இல்லை. கணக்கு முடிந்தது என்று அவர்கள் போட்ட கடிதத்தை ராஜி வாசித்துக் காட்டினாள், நானும் காட்டினேன். காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டிருக்கிறார். ஆனால் பெல் அடித்தால் இன்னும் மாடிப்படியில்தான் போய் இருக்கிறார். நீங்கள் போய்த் திறவுங்கோ என்று ஒரு நாள் சும்மா இருந்து பார்த்தேன். எழும்பிக் கதவு வரைக்கும் போனார், கையை வைத்தார், திரும்பி வந்துவிட்டார். சேகர்தான் வந்து நின்றது, பொங்கல் கொண்டுவந்து. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, வைச்சிட்டுப் போங்கோ தம்பி என்று சொன்னார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

ஒரு கதையில் மட்டும்தான் அவருக்குப் பழைய முகம் வருகிறது. அன்றைக்கு நான் போய்ச் சேகரைக் கூப்பிட்டு உள்ளே இருத்தினேன். ஏன் அண்ணா மச்சினன்கிட்ட சொல்லவே இல்ல என்று சேகர் கேட்டார். அத்தான் நிமிர்ந்து இருந்துகொண்டு, அவனுக்கு ஒண்டும் தெரியாது, தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே ஓடி வந்திருப்பான், அதாலைதான் சொல்லேல்லை என்று சொன்னார். கடைக்காரருக்கும் இதையே சொல்கிறார், பாமாவுக்கும் சொல்கிறார். கடையில் கதை வந்தால் தன்னுடைய பிழை என்று எடுத்துக்கொண்டு உன்னை நல்லவனாய் விட்டுவிடுகிறார். இந்த முழு அலைச்சலிலும் அவருக்கு மிஞ்சியது இது ஒன்றுதான், ஒன்றும் அறியாத ஒரு பெடியனைத் தான் காப்பாற்றினேன் என்ற நினைப்பு. நான் அறிந்ததை அவர் அறிந்தால் அதுவும் போய்விடும். பிறகு அந்த மாடிப்படியில் இருந்து அவரை எழுப்ப என்னால் ஏலாது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நீ மறுக்கக்கூடாது. அத்தானுக்குப் போன் எடு. நீ போனபிறகு அவரோடு ஒரு தரமும் கதைக்கவில்லை. ஏன் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறும் பிரதாபன் எடுத்தவனோ என்று கேட்கிறார். வேலை கூட என்று நானே சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது.

கதைக்கும்போது மன்னிப்புக் கேட்காதே. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அவர் காலில் விழுந்து கேட்கவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் கேட்டால் உன் பாரம் இறங்கும், அது அவர் தலையில் போய் இருக்கும். ஆகவே நீ அதைச் சுமந்துகொண்டே கதை. ரிக்கற் என்றோ, வான் என்றோ, காசு என்றோ வாய் திறக்காதே. ஒன்றும் தெரியாதவன் எப்படிக் கதைப்பானோ அப்படிக் கதை. இவ்வளவு நாளும் எடுக்காததற்கு அவர் ஏசுவார், வாங்கிக்கொள். குளிரைப் பற்றிச் சொல்லு, வேலையைப் பற்றிச் சொல்லு, தயாளினியையும் கதைக்கவிடு. அவர் கட்டாயம் கேட்பார், அங்கை வாகனம் ஓடுறியோ என்று. ஓம் அத்தான், கவனமாய் ஓடுறன் என்று சொல்லு. அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவருக்கு வேலை இல்லை, அப்போது எடு. நான் போனை எடுத்தால் என்னோடு கதை வளர்க்காதே. நீ என் தம்பி, அதில் மாற்றமில்லை, ஆனால் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அக்கா, அத்தானிட்டைக் குடு என்று மட்டும் சொல்லு. நான் உடனே கொடுக்கிறேன்.

நீ நல்லாய் இருக்கவேண்டும்.

உன் அக்கா
யோகமலர்